கத்தாத அலாரத்தை நம்பலாமா?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பினால், "மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண் குரல் கூப்பிடும். வேலூரில் பாதி வீடுகளில் இந்தக் குரல் உண்டு. உள்ளே பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. தொட்டியின் விளிம்பருகே இரண்டு உலோகக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கும். தண்ணீர் ஏறி இரண்டையும் நனைத்தால் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும், குரல் வரும். அவ்வளவுதான்.

போன சித்திரையில் ஒரு நாள் அந்தக் குரல் வரவில்லை. அரை மணி நேரம் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடிய பிறகு, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். மாடிக்கு ஏறிப் பார்த்தேன். எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பு இரண்டு கம்பிகளிலும் சுண்ணாம்பு போலப் படிந்து கெட்டியாகிவிட்டிருந்தது. எத்தனை வாரமாக அப்படி இருந்ததோ தெரியவில்லை. குரல் வராத ஒவ்வொரு நாளும் தொட்டி இன்னும் நிரம்பவில்லை என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதே இரண்டு கம்பிகள் ஹெலிகாப்டரின் கியர்பாக்ஸுக்குள்ளும் இருக்கின்றன. அங்கே உப்புப் படிந்தால் வழிவது தண்ணீராக இருக்காது.

பழைய வட ஆற்காட்டின் கிழக்கு மூலையில் இருக்கும் அரக்கோணத்தில் ஹெலிகாப்டர் அன்றாடக் காட்சி. 1992-இல் தொடங்கப்பட்ட கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் அங்கே இருக்கிறது. கடற்படை விமானிகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியும் அங்கேதான். நாற்று நட்ட வயல்களுக்கு மேலே சேத்தக் ரக ஹெலிகாப்டர் தாழப் பறந்தால், நடவில் இருக்கும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். அவ்வளவு பழகிவிட்டது.

அந்தச் சேத்தக்கின் எஞ்சினுக்குள் டர்பைன் நிமிடத்துக்கு 33,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. தலைக்கு மேலே இருக்கும் பெரிய விசிறியோ நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்றுதான். நடுவில் இருக்கும் பல்சக்கரங்கள்தான் வேகத்தைக் குறைத்து, அந்த அளவுக்கு முறுக்குவிசையைக் கூட்டிக் கொடுக்கின்றன. ஹெலிகாப்டரின் மொத்த எடையும் மெயின் கியர்பாக்ஸிலிருந்து மேலே நீளும் ஒற்றைத் தண்டில்தான் தொங்குகிறது.

எஞ்சின் நின்றுபோனால்கூட ஹெலிகாப்டருக்கு ஒரு வழி உண்டு. கீழே இறங்கும்போது மேலேறி வரும் காற்றே விசிறியைச் சுழற்றும். தேர்ந்த விமானி அந்தச் சுழற்சியை வைத்தே தரையில் இறக்கிவிடுவார். ஆனால் கியர்பாக்ஸ் இறுகிப்போனாலோ, உள்ளே ஒரு சக்கரம் உடைந்தாலோ அந்த வழியும் அடைபட்டுவிடும். இரண்டு எஞ்சின் வைத்த பெரிய ஹெலிகாப்டரிலும் மெயின் கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். ஒன்று போனால் மற்றொன்று என்று வைத்துக்கொள்ள முடியாத பொருளுக்கு, முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்றுதான் துணை.

கியர்பாக்ஸ் கெடுவதற்கு முன் என்ன சொல்லும்? இதை எனக்கு முதலில் விளக்கியவர் ராணிப்பேட்டையில் லாரி ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். பழைய எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தவர், ட்ரெய்ன் பிளக்கின் நுனியில் இருந்த காந்தத்தை என்னிடம் நீட்டினார். சாம்பல் நிறத்தில் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் தேய்த்துக் காட்டினார். "பாருங்க சார், மாவு மாதிரி கீது. இது தேய்மானம், ஒண்ணும் பயம் இல்ல. நெகத்துல சுரண்டுனா குத்துற மாதிரி செதில் வந்துச்சுன்னா, பாக்ஸ எறக்கிப் பாக்காம வண்டிய வெளியே உடமாட்டேன்."

அந்த மாவுக்கும் செதிலுக்கும் உள்ள வேறுபாடுதான் விஷயமே. பல்லோடு பல் உரசும்போது சில மைக்ரான் அளவுள்ள தூள் உதிர்வது இயல்பு. செதில் அப்படி வருவதில்லை. பல்சக்கரமோ பேரிங்கோ லட்சக்கணக்கான முறை அழுத்தம் வாங்கி வாங்கி, கடினப்படுத்திய எஃகின் மேற்பரப்பிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நுண்ணிய விரிசல் விழுகிறது. அது பக்கவாட்டில் பரவி மேலே வந்ததும், மீன் செதில் போல ஒரு துண்டு பெயர்கிறது. பெயர்ந்த குழியின் ஓரத்தில் அழுத்தம் இன்னும் கூடும். அடுத்த செதில் சீக்கிரம் வரும். முதல் செதிலுக்கும் முறிவுக்கும் இடையில் பெரும்பாலும் பல மணி நேரப் பறப்பு இருக்கும். எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

லாரியில் எண்ணெய் மாற்றும் நாளில்தான் பிளக்கைப் பார்க்க முடியும். ஹெலிகாப்டரில் அதற்காகக் காத்திருக்க முடியாது என்பதால் காந்தத்தோடு மின்சுற்றையும் சேர்த்துவிட்டார்கள். இதன் பெயர் சிப் டிடெக்டர். எண்ணெய் வந்து சேரும் அடிப்பகுதியில் காந்த முனையுள்ள பிளக் ஒன்று இருக்கும். அதில் இரண்டு மின்முனைகள், நடுவில் சிறு இடைவெளி. எண்ணெயில் மிதந்து வரும் எஃகுச் செதிலைக் காந்தம் பிடித்து இழுக்கும். செதில் இரண்டு முனைகளுக்கும் பாலம் போட்டால் விமானியின் முன்னால் 'சிப்' விளக்கு எரியும். எங்கள் மாடித் தொட்டிக் கதையேதான், தண்ணீருக்குப் பதில் இரும்பு.

சும்மா மாவு சேர்ந்தும் பாலம் உண்டாகலாம். நடுக்கடலில் பறக்கும் விமானியை அதற்காகப் பதறவைக்கக் கூடாது என்று, பல ரகங்களில் பிளக் வழியே ஒரு கணம் பலமான மின்சாரம் பாய்ச்சும் வசதி வைத்திருக்கிறார்கள். மெல்லிய தூள் எரிந்து போய்விடும், விளக்கு அணையும். செதில் எரியாது, விளக்கும் அணையாது.

இப்போது அந்தக் கத்தாத அலாரத்துக்கு வருவோம். காரில் சாவியைத் திருப்பியதும் சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறதல்லவா? ஹெலிகாப்டர் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்த விளக்கும் அப்படித்தான். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தான் உயிரோடு இருப்பதை அதுவே காட்டிவிடும். சிப் விளக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. கியர்பாக்ஸ் நன்றாக இருந்தாலும் எரியாது. பிளக்குக்குப் போகும் ஒயர் அறுந்திருந்தாலும் எரியாது. இரண்டு மௌனமும் பார்வைக்கு ஒன்றுதான். விமானி அறையில் விளக்கைச் சோதிக்கும் பொத்தான் இருக்கிறதே என்று கேட்கலாம். பல ரகங்களில் அது பல்ப் எரிகிறதா என்று மட்டுமே காட்டும். அங்கிருந்து கியர்பாக்ஸின் அடிவயிறு வரை போகும் ஒயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிளக்குக்குள்ளேயே சிறு மின்தடையை வைத்து ஒயர் முழுதாக இருக்கிறதா என்று எப்போதும் பார்த்துக்கொள்ளும் புதிய அமைப்புகள் வந்துவிட்டன. ஆனால் பழைய ரகங்கள் இன்னும் நிறையப் பறக்கின்றன.

ஆகவே ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும். குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை பராமரிப்புப் பொறியாளர் பிளக்கைத் திருகிக் கழற்றுகிறார். எண்ணெய் கொட்டாது, சைக்கிள் ட்யூப் வால்வு போல, பிளக் வெளியே வந்ததும் உள்ளே ஒரு வால்வு தானாக மூடிக்கொள்ளும். முனையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இருந்தால் துடைத்து எறிவதில்லை. தனியே எடுத்து வைத்து அளவும் வடிவமும் பார்த்து, எந்த உலோகம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, ஒயர் மாட்டியபடியே இருக்கும் பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொடுகிறார். உள்ளே உட்கார்ந்திருக்கும் சகா "எரியுது" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஹெலிகாப்டர் அன்று பறக்காது. இணைப்பு ஊசிகள் பச்சை பிடித்திருக்கலாம், அதிர்வில் ஒயர் உரசித் தேய்ந்திருக்கலாம். கெட்ட பாகத்தைத் துடைத்துத் திரும்ப மாட்டுவது இங்கே செல்லாது. கழற்றியதில் சீட்டுக் கட்டி ஒதுக்கிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். ரப்பர் ஓ-ரிங் புதியது, லாக் வயர் புதியது, பதிவேட்டில் கையெழுத்து.

தொட்டிக் கம்பிகளை மாற்றிய பிறகு நானும் இதையே செய்கிறேன். மாதம் ஒருநாள் ஈரத் துணியால் இரண்டையும் சேர்த்துத் தொடுவேன், கீழே இருந்து மகள் "கத்துதுப்பா" என்பாள்.

இந்தச் சோதனையைச் செய்வதும் விடுவதும் பொறியாளரின் விருப்பம் அல்ல. ஒரு குறை தெரியவந்தால் தயாரித்த கம்பெனி முதலில் அறிவிப்பு அனுப்பும். பாதுகாப்புக்கு ஆபத்து என்று அரசின் விமான ஆணையம் கருதினால் அதைக் கட்டாய உத்தரவாக்கும். அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈசா, இந்தியாவில் சிவில் விமானங்களுக்கு டி.ஜி.சி.ஏ. எந்த ரகம், எந்த வரிசை எண்கள், எதைச் சோதிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் என்று அதில் இருக்கும். நிறைவேற்றாத ஹெலிகாப்டர் பறந்தால் சட்டப்படி குற்றம். ராஜாளியில் நிற்கும் கடற்படை ஹெலிகாப்டர்கள் டி.ஜி.சி.ஏ.வின் கீழ் வராது. ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதிக்குப் பெங்களூருவில் உள்ள செமிலாக் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது.

அந்த "எத்தனை மணி நேரத்துக்குள்" என்ற வரியில் உயிர்கள் இருக்கின்றன. 2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் ஒரு சிகார்ஸ்கி எஸ்-92, கியர்பாக்ஸ் எண்ணெய் முழுவதையும் இழந்து எப்படியோ பத்திரமாகத் தரையிறங்கியது. எண்ணெய் ஃபில்ட்டர் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் டைட்டானியம் போல்ட்டுகள் உடைந்ததுதான் காரணம். 2009 ஜனவரியில் கம்பெனி அவற்றை எஃகுக்கு மாற்றச் சொன்னது. 1,250 மணி நேரம் அல்லது ஓராண்டு அவகாசம் கொடுத்தது. மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலுக்கு மேலே இன்னொரு எஸ்-92-இல் அதே மூன்று போல்ட்டுகளில் இரண்டு உடைந்தன. அழுத்த விளக்கு சரியாகவே எரிந்தது. எண்ணெய் இல்லாமல் 30 நிமிடம் ஓடும் என்ற நம்பிக்கை அந்த ரகத்தைப் பற்றிப் பரவலாக இருந்தது. சுமார் 11 நிமிடத்தில் ஹெலிகாப்டர் கடலில் மோதியது. 18 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். அதன் பிறகு வந்த எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவில் ஓராண்டு என்பது 'அடுத்த பறப்புக்கு முன்' என்று மாறியது.

அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து 16 பேர் இறந்தார்கள். என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஏனென்றால் கியர்பாக்ஸ் முன்பே பேசிவிட்டது. விபத்துக்குச் சுமார் 36 மணி நேரப் பறப்புக்கு முன், மார்ச் 25 அன்று, சிப் டிடெக்டரில் ஒரே ஒரு துகள் சிக்கியது. ஆனால் அது என்ன என்பதைத் தவறாக எடைபோட்டார்கள். கம்பெனிக்கும் பராமரிப்பாளர்களுக்கும் இடையே நடந்த பேச்சில் ஏற்பட்ட குழப்பத்தால் துகள் சிக்கிய பகுதியைத் திறந்து பார்க்கும் வேலை நடக்காமல் போனது. உள்ளே விரிசல் விட்டிருந்தது இரண்டாம் கட்டக் கோள்சக்கரங்களில், அதாவது நடுச்சக்கரத்தைச் சுற்றி ஓடும் பல்சக்கரங்களில், ஒன்று.

அடுத்தடுத்த நாள் சோதனைகளில் ஏன் வேறு துகள் கிடைக்கவில்லை? கியர்பாக்ஸின் மேற்பகுதியில் உதிரும் துகள் கீழ்ப்பகுதிக்குப் போய்க் கெடுதல் செய்யக் கூடாது என்று, நடுவில் ஒரு காந்த வளையம் வைத்திருந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் டிடெக்டரை நோக்கி வர வேண்டிய செதில்களை அந்த வளையமும் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்குக்குப் போக வேண்டிய செய்தி பாதி வழியில் நின்றுவிடும். விபத்துக்குப் பிறகு அந்தக் காந்தங்களை எடுத்துவிட வேண்டும் என்று ஈசா கட்டாயமாக்கியது.

எச்சரிக்கை பொய்யாக வந்தாலும் கேடுதான். 2012-இல் வட கடலில் இரண்டு இ.சி.225 ஹெலிகாப்டர்களில் எண்ணெய்ப் பம்புகளைச் சுழற்றும் தண்டு உடைந்தது. அவசரத்துக்கு கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த நீரைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு சரியாகவே வேலை செய்தது. ஆனால் அது செயலிழந்துவிட்டதாக விளக்கு எரிந்தது. அழுத்தம் பார்க்கும் சுவிட்ச் சரியாகச் சொல்லவில்லை. விமானிகள் கடலில் இறக்கினார்கள். மே மாதம் 14 பேர், அக்டோபரில் 19 பேர். எல்லோரும் உயிர் தப்பினார்கள். மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியலில் தண்டோடு அந்தச் சுவிட்ச்சும் சேர்ந்தது.

2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் தூரேய் தீவருகே ஓர் எச்225 (இ.சி.225-இன் புதிய பெயர்) ஹெலிகாப்டரின் விசிறியே கழன்று பறந்தது. 13 பேரும் இறந்தார்கள். மறுபடியும் இரண்டாம் கட்டக் கோள்சக்கரம். விரிசல் மேற்பரப்பில் ஒரு நுண்குழியில் தொடங்கி, மேலே செதில் செதிலாகப் பெயராமல் உள்ளே உள்ளேயே வளர்ந்திருந்தது. டிடெக்டருக்குப் பழுதில்லை, எச்சரிக்கும் அளவுக்கு அதனிடம் எதுவும் வந்து சேரவில்லை. அதிர்வைக் கேட்டுக் கணிக்கும் கருவியும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அந்த ரகம் மாதக்கணக்கில் தரையில் நின்றது. மறுபடி பறக்க விட்டபோது, இரண்டு வகைக் கோள்சக்கரங்களில் அதிக அழுத்தம் தாங்க நேர்ந்த வகை விலக்கப்பட்டது, மற்றதன் ஆயுள் மணிகள் குறைக்கப்பட்டன, பிளக்கைப் பார்க்கும் இடைவெளியும் சுருங்கியது. விளக்கை எரிய வைக்கப் போதாத சிறு துகள் கிடைத்தாலும் அதை எடுத்து, அளந்து, பதிய வேண்டும்.