தாழொலி: சொல்லும் பொருளும்

மின்சாரம் போன ஒரு சித்திரை மாத இரவு. எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அத்தை அடுப்படியிலிருந்து கூப்பிட்டார். "இங்க வந்து இந்தச் சொம்பப் பாரு." மேடையில் எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர். யாரும் தொடவில்லை. ஆனாலும் நீரின் மேல் மெல்லிய வட்டங்கள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. தட்டு ஸ்டாண்டில் ஒரே ஒரு தட்டு பக்கத்துத் தட்டோடு உரசிக் கிணுகிணுத்தது. ஜன்னலைச் சாத்தினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது, நடுக்கம் அப்படியே இருந்தது. "இது சத்தம் இல்லடா, நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுது" என்றார் அத்தை.

அவர் அன்று உணர்ந்தது என்று நான் முதலில் நினைத்ததற்கும் அதையொட்டிய அறிவியலுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இன்ஃப்ராசவுண்ட். 'இன்ஃப்ரா' என்பது லத்தீன் சொல், 'கீழே' என்று பொருள். மனிதக் காது கேட்கும் வீச்சு நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வுவரை என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அதிர்வை ஹெர்ட்ஸில் எண்ணுகிறோம். அந்த 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது இன்ஃப்ராசவுண்ட், 20,000க்கு மேலே இருப்பது அல்ட்ராசவுண்ட். வயிற்றில் வளரும் குழந்தையைக் காட்டும் ஸ்கேனால் இரண்டாவதை ஊரே அறியும். முதலாவதைப் பற்றி அரைகுறைச் செய்திகளும் அச்சமும்தான் உலவுகின்றன.

தமிழில் இதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு நான்காக இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் 'குற்றொலி' என்கிறது. இணையத்தில் 'அகவொலி' என்ற சொல் புழங்குகிறது. இலங்கை மரபில் 'கீழொலி'. பத்திரிகைகளும் பேச்சும் 'கேளா ஒலி' என்று எழுதிவிடும். நான்கையும் ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம்.

குற்றொலியில் இருப்பது 'குறு'. குறில், குற்றெழுத்து, குற்றியலுகரம் என்று இலக்கண வகுப்பில் பழகிய காதுக்கு அது குறுகிய ஒலி என்றே படும். உண்மை நேர்மாறானது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளம், 10 ஹெர்ட்ஸ் என்றால் 34 மீட்டர். ஒரு தெருவின் பாதியை அடைத்து நிற்கும் அலைக்குக் 'குறு' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதிர்வெண் குறைவு என்பதைத்தான் அச்சொல் சொல்ல வருகிறது, ஆனால் மாணவர் மனத்தில் பதிவது வேறு. போதாக்குறைக்கு, விரைந்து படிக்கும்போது 'குற்றம்' வேறு எட்டிப் பார்க்கிறது.

அகவொலி, 'அகச்சிவப்பு' வழியில் வந்தது. இன்ஃப்ராரெட்டை அகச்சிவப்பு என்று ஏற்றுக்கொண்டதால் இன்ஃப்ரா வரும் இடமெல்லாம் 'அக' போட்டாயிற்று. அகம் என்றால் உள்ளே, இன்ஃப்ரா என்றால் கீழே. இரண்டும் ஒன்றல்ல. மனத்துக்குள் கேட்கும் குரலுக்கோ காதுக்குள் ரீங்கரிக்கும் நோய்க்கோ வைத்திருந்தால் அழகாகப் பொருந்தியிருக்கும் சொல் இது. இன்ஃப்ராசவுண்ட் வெளியிலிருந்து வரும் காற்றழுத்த அலை.

இவற்றில் மிகவும் தீங்கானது கேளா ஒலி என்பேன். அல்ட்ராசவுண்டான மீயொலியையும் சிலர் கேளா ஒலி என்பதால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் போகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அச்சொல் உண்மையில்லை. 20 ஹெர்ட்ஸ் என்பது சுவரல்ல, சரிவு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காது ஏறத்தாழ 2 டெசிபலிலேயே பிடித்துவிடும். 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ 78 டெசிபல் அளவுக்கு உரக்க வேண்டும், 10 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 97. அழுத்தக் கணக்கில் பல ஆயிரம் மடங்கு வேறுபாடு. அந்த அளவுக்கு உரத்தால் அதுவும் கேட்கும். ஸ்வரம் என்று சொல்ல முடியாத ஒரு துடிப்பாக, காதை யாரோ மெல்ல அமுக்கி அமுக்கி விடுவதுபோல் கேட்கும். ஆக, 'கேளாத' ஒலி என்று ஒரு தனி இனம் கிடையாது. தாழ்ந்த ஒலி உண்டு, அது கேட்பதும் கேளாததும் அதன் வலிமையைப் பொறுத்தது.

அதனால்தான் தாழொலி என்கிறேன். தாழ் + ஒலி. 'தாழ்ந்த குரல்' என்று நாம் அன்றாடம் பேசுவதன் நீட்சிதான். கீழொலியும் இன்ஃப்ராவுக்கு நேர்ப்பொருள் தருவதே. புறஊதாவைக் கழியூதா, மீயொலியைக் கழியொலி என்று மேலே கடந்ததைக் 'கழி' என்றும், கீழே நிற்பதைக் 'கீழ்' என்றும் சொல்லும் இலங்கை மரபின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் 'கீழ்' தரத்தையும் குறித்துவிடுகிறது. பழைய இசைத்தமிழ் தாழ்ந்த ஸ்தாயியை மெலிவு என்றும், நடுவைச் சமன் என்றும், உயர்ந்ததை வலிவு என்றும் பிரித்தது. 'மெலிவொலி' என்று ஆக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். இன்று மெலிவு என்றால் பலவீனம் என்றுதான் படும், ஆகவே விட்டுவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் 'அதிர்' என்ற வினைக்கு நடுங்குதல், முழங்குதல் என்று இரண்டு பொருளும் உண்டு. ஒலிக்கும் நடுக்கத்துக்கும் எல்லை அழியும் இடம் ஒன்று உண்டென்று இந்த மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. உறுமி மேளத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

தாழொலி எங்கே இருக்கிறது என்றால், தலைக்கு மேலேயே. மூன்று இறக்கை மின்விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், ஓர் இடத்தை நொடிக்கு 15 முறை இறக்கை கடக்கிறது. 15 ஹெர்ட்ஸ். அது மிக மெல்லியது, நம் காதில் விழுவது காற்றின் உரசல் மட்டுமே. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் டீசல் ஜெனரேட்டரின் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்குப் பன்னிரண்டரை முறை வெடிக்கிறது. கடலலை, புயல், எரிமலை என இயற்கையிலும் நிறைய. தாழ்ந்த அதிர்வு காற்றில் அதிகம் தேயாது, நெடுந்தூரம் போகும். 2022 ஜனவரி 15 அன்று தொங்கா தீவுகளில் எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை உலகையே சுற்றியது. ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையின் காற்றழுத்தமானிகளிலும் அது பதிந்தது.

யானையின் கதை எனக்கு எப்போதும் சிலிர்ப்பூட்டும். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் கூண்டருகே உட்கார்ந்திருந்த விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன், காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றபோது, பெரிய ஆர்கனின் அடிக்குழாய் ஒலிக்கையில் உடம்பில் பட்ட அதே துடிப்பு. பிறகு கருவி வைத்துப் பதிந்து பார்த்ததில் யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸில் பேசிக்கொள்வது தெரிந்தது. 1986இல் அந்த ஆய்வு வெளியானது. முதுமலையில் நம் முன்னே அமைதியாக நிற்கும் கூட்டம் உண்மையில் அமைதியாக இருக்க வேண்டியதில்லை.

இனி, மூளைக்கு இது என்ன செய்கிறது?

பேய்க்கதையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 1998இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வேலை செய்த ஆய்வகத்தில் ஓர் இரவு உடல் சில்லிட்டு, கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்ததாம். மறுநாள் பட்டறைப் பிடியில் இறுக்கிவைத்த வாள்வீச்சு வாள் தானாக அதிர்வதைக் கண்டு தேடியபோது, புதிதாக மாட்டிய காற்றுவெளியேற்றி 19 ஹெர்ட்ஸில் அறையையே அதிரவைத்தது தெரியவந்தது. நல்ல கதை. ஆனால் ஒரு மனிதரின் ஓர் அனுபவம்தான். இதை வைத்துக்கொண்டு '19 ஹெர்ட்ஸ் பேயைக் காட்டும்' என்று எழுதுவது அநியாயம்.

ஆய்வுகளில் என் மனத்தில் நிற்பவை ஜெர்மனியில் நடந்த இரண்டு. 2017இல் வெளியான ஒன்றில், 14 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து 12 ஹெர்ட்ஸ் ஒலியைக் காதில் விழும் எல்லைக்குச் சற்றுக் கீழே ஒலிக்கவிட்டார்கள். கேட்டல் பகுதியை ஒட்டிய இடத்திலும், உணர்ச்சிகளைக் கையாள்வதில் பங்குள்ள முன் சிங்குலேட் பகுதியிலும் செயல்பாடு மாறியது. அச்சத்தோடு தொடர்புடைய வலப்பக்க அமிக்டலாவிலும் அதன் சாயல் தெரிந்தது. காதில் நன்றாக விழும்படி ஒலியை உயர்த்தியபோது இந்த மாற்றம் தென்படவில்லை. 2021இல் வந்த இன்னொன்றில், 38 பேரில் ஒரு பகுதியினரின் படுக்கையறையில் 28 இரவுகள் 6 ஹெர்ட்ஸ் ஒலியை 80 முதல் 90 டெசிபலில் ஓடவிட்டார்கள். மற்றவர்கள் அறையில் ஒலி எழுப்பாத வெறும் பெட்டி. மனநிலையிலும் நினைவாற்றலிலும் குறிப்பிடும்படி ஒன்றும் மாறவில்லை. ஆனால் சிறுமூளை முதலிய சில இடங்களில் சாம்பல்நிறப் பொருள் சற்றுக் குறைந்திருந்ததை ஸ்கேன் காட்டியது. சிறு குழுவில் செய்த முன்னோட்டம் இது. ஸ்கேனில் ஒரு புள்ளி மாறுவதும் ஒருவர் நலம் கெடுவதும் ஒன்றாகாது. மூளை இதைக் கவனிக்கிறது என்றுவரை சொல்லலாம். அதற்குமேல் ஓரடி வைக்க எனக்குத் துணிவில்லை, வைப்பவர்களை நம்பவும் மாட்டேன்.

எதிர்ப்பக்கத்துச் சான்று கனமானது. ஆஸ்திரேலியாவில் இரைச்சலைத் தாங்காத இயல்புள்ள 37 பேரைக் காற்றாலைத் தாழொலியில் 72 மணிநேரம் தங்கவைத்த ஆய்வு 2023இல் வந்தது. எந்த நேரத்தில் ஒலி ஓடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. தூக்கத்திலோ உடலிலோ மனத்திலோ பாதிப்பு காணப்படவில்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் காட்டுக்குள் வாழ்கிறவர்களிடம் வதந்தி போகுமுன் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

பெயர் வைப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வு காரணம். 54 பேரில் பாதிப் பேருக்கு, காற்றாலைத் தாழொலி உடம்பைக் கெடுக்கும் என்று சொல்லும் காணொளிகளைக் காட்டினார்கள். பிறகு 10 நிமிடம் உண்மையான தாழொலி, 10 நிமிடம் ஒலி ஓடுவதாகச் சொல்லிவிட்டு ஒன்றுமே ஓடாத அமைதி. காணொளி பார்த்தவர்களுக்கு இரண்டு வேளையிலும் உடல் அறிகுறிகள் கூடின. ஒலி இருந்ததா இல்லையா என்பது பொருட்டாகவே இல்லை. இதை நோசீபோ விளைவு என்பார்கள், 'தீங்கு செய்வேன்' என்று பொருள்படும் லத்தீன் சொல். அவர்கள் நடிக்கவில்லை, தலைவலி உண்மையான தலைவலி. 'கேளா ஒலி' என்று காணாத பேயைப்போலப் பெயரிட்டுப் பரப்புகிறவர்கள் அந்தக் காணொளியின் வேலையைத்தான் செய்கிறார்கள்.

தாழ்ந்த ஒலி மகிழ்ச்சியும் தரும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு மின்னிசைக் கச்சேரியின்போது, 8 முதல் 37 ஹெர்ட்ஸ்வரை எழுப்பும் ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் அணைத்தும் வந்தார்கள். கூட்டத்துக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவை ஓடிய நேரத்தில் ஆட்டம் 11.8 விழுக்காடு கூடியது. 2022இல் வெளியான கணக்கு இது. திருவிழாவில் மேளத்துக்குப் பக்கத்தில் கால் தானாக ஆடுவதை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஜெனரேட்டருக்கு வருகிறேன். புகார் சொன்னதும் ஒருவர் ஒலியளவுக் கருவியோடு வந்தார். இரவில் குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் விதித்த அளவு 45 டெசிபல். ஜன்னல் சாத்திய அறைக்குள் கருவி அதற்குக் கீழேதான் காட்டியது. "எல்லாம் லிமிட்டுக்குள்ளதாங்க இருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகள் கேட்பது 'டெசிபல்-ஏ' அளவை. அந்த அளவீடு காதின் போக்கைப் பின்பற்றி, 20 ஹெர்ட்ஸில் 50 டெசிபலையும் 10 ஹெர்ட்ஸில் 70 டெசிபலையும் கழித்துவிட்டே எண்ணைக் காட்டும். சொம்புத் தண்ணீரில் தெரிந்தது அந்தத் திரையில் தெரிய வழியே இல்லை. அத்தை அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பனை என்று தன்னைச் சொல்லிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மெக்கானிக் வந்து ஜெனரேட்டரின் காலடியில் இறுகிச் செத்துப்போயிருந்த ரப்பர் பேடுகளை மாற்றினார். கொஞ்ச நேர வேலைதான். அத்தையைத் தொந்தரவு செய்ததில் பெரும்பகுதி காற்றில் வந்த தாழொலியே அல்ல, தூண் வழியாக ஏறிய அதிர்வும், 20 ஹெர்ட்ஸுக்கு மேலே 200வரை இருக்கும் உறுமலும்தான். அந்த உறுமலைத் 'தாழ் அதிர்வெண் இரைச்சல்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தைக் கெடுப்பதாகவும் எரிச்சலூட்டுவதாகவும் தெளிவாக அறியப்பட்டது அதுவே. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது உறுமினால், புகாரில் அந்தப் பெயரையே எழுதுங்கள். அளக்க வருகிறவரிடம் 'டெசிபல்-சி' அளவையும் எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான கருவிகளில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு, அது 20 ஹெர்ட்ஸில் 6 டெசிபல்தான் கழிக்கும். இரண்டு எண்ணுக்கும் நடுவே 20க்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கே தாழ்ந்த ஒலி நிறைய இருக்கிறது, வீட்டில் இருப்பவர் சொல்வது கற்பனை இல்லை.