உங்கள் கடையின் மென்பொருள் யார் கையில்?

யாழ்ப்பாணத்தில் சிறு கடைகளுக்கும் ரியூட்டரிகளுக்கும் இணையத்தளமும் கணக்கு மென்பொருளும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வேலை பேச வருபவர்கள் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு முடியும்?" என்றுதான். நியாயமான கேள்வி. அந்தத் தொகையை நாளைக்கு மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்குக் கவலை அங்கேதான்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அந்த மாதம் 7ஆம் திகதி மத்திய வங்கி நாணய மாற்று வீதத்தில் வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. மே மாதம் டொலர் 360 ரூபாய் வரை போனது. மாதம் 20 டொலருக்கு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சேர்வர் இடம்) எடுத்த கடைக்காரருக்கு 4,000 ரூபாய்ச் செலவு 7,200 ரூபாயானது. ஹோஸ்டிங் நிறுவனம் விலையில் ஒரு சதமும் ஏற்றவில்லை. மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாகக் கிடந்த அந்த மாதங்களில் கடைகளில் வியாபாரமும் படுத்திருந்தது. வரவு ரூபாயில், செலவு டொலரில் இருக்கும் ஒவ்வொருவரும் நாணயச் சந்தையின் ஆபத்தைச் சுமக்கிறார்கள். பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்களும்தான்.

"பிள்ளை, அப்ப இலவசமாக் கிடைக்கிறதையே போட்டுவிடுமன்" என்பார்கள். நிரலை யாரும் எடுத்துப் பார்த்து மாற்றிப் பயன்படுத்த விடும் திறந்தமூல மென்பொருளை நான் மனதார ஆதரிக்கிறேன். பெரும்பாலும் அதையேதான் போட்டும் கொடுக்கிறேன். ஆனாலும் நிரல் எல்லோருக்கும் உரியதாக இருக்கும்போதே, அதன் பெயரும் அப்டேட் வரும் சேர்வரும் ஒருவரின் பிடியில் இருக்கலாம்.

இணையத்தளம் அமைக்கும் திறந்தமூல மென்பொருளான வேர்ட்பிரஸ் சண்டையில் நடந்தது இதுதான். 2024 செப்டெம்பரில் அதன் இணை நிறுவுநர் மாட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் வணிகப் பெயர் தொடர்பாகத் தகராறு முற்றியது. 25ஆம் திகதி அந்த நிறுவனத்தின் சேர்வர்கள் வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து அப்டேட் பெற முடியாதபடி தடுக்கப்பட்டன. ஒக்டோபரில், அந்நிறுவனம் பராமரித்த ஒரு பிரபல ப்ளகின் (வேர்ட்பிரஸுடன் சேர்க்கும் துணை மென்பொருள்) வேறு பெயரில் மற்றத் தரப்பால் எடுத்துக்கொள்ளப்பட்டது. டிசம்பரில் கலிபோர்னியா நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்தது. இடையில் தவித்தவர்கள் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத கடைக்காரர்கள்.

நிரலை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமமும் மாறலாம். தரவுகளை வேகமாக எடுத்துத் தரும் ரெடிஸ் என்ற மென்பொருள் 2024 மார்ச் 20இல் தன் தாராள உரிமத்தைக் கைவிட்டது. எட்டு நாளில், பழைய நிரலிலிருந்து வால்கி என்ற கிளை லினக்ஸ் பவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கீழ் தொடங்கியது. அடுத்த வருடம் மே மாதம் ரெடிஸே திறந்தமூல உரிமத்துக்குத் திரும்பியது. 2010இல் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் ஒராக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபின் லிப்ரே ஆபிஸ் பிரிந்து வந்ததும் இதே வழியில்தான். திறந்தமூலத்தின் உண்மையான பலமாக நான் கருதுவது இதை: நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். விலை கட்டி வாங்கும் மூடிய மென்பொருளில் அந்தக் கதவே இல்லை.

எங்கள் ஊரில் இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். தளம் செய்துகொடுத்த பெடியன் கனடா போய்விடுவான். டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அவனுடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும், கடவுச்சொல்லும் அவனிடமே. தளம் ஒருநாள் நின்றபிறகுதான் முதலாளிக்குத் தெரியவரும். உரிமம், டொலர் எல்லாவற்றையும்விட இது உடனடி ஆபத்து.

ஆகவே காசு கட்டுமுன் டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கையும் வாடிக்கையாளர் பட்டியலையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய கோப்பாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்; வாயால் "எடுக்கலாம்" என்றால் போதாது. அந்தப் பிரதியை மாதம் ஒருமுறை உங்கள் கையிலுள்ள டிஸ்க்கில் வையுங்கள். திறந்தமூலம் என்றால், அதை நடத்துவது தனி நிறுவனமா அறக்கட்டளையா என்று கேளுங்கள். டொலர் பில் தவிர்க்க முடியாததென்றால், டொலர் இப்போதைய விலையின் ஒன்றரை மடங்கானாலும் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.