காரின் 14 வோல்ட் ஃபோனுக்கு 5 வோல்ட் ஆவது எப்படி?

தம் காரின் டேஷ்போர்டுக்கு அளவெடுத்து, முப்பரிமாண அச்சில் ஃபோன் ஹோல்டர் ஒன்றைச் செய்து, அதற்குள்ளேயே சார்ஜரையும் பொருத்திய வாசகர் ஒருவர், அரை மணி நேரப் பயணத்திலேயே ஹோல்டரின் அடிப்பகுதி இளகி வளைந்துவிட்டது ஏன் என்று கேட்டிருக்கிறார். இணைப்பில் பிழை இல்லை. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்க அவர் பயன்படுத்திய 7805 என்ற ஐசி (சிறு மின்சுற்றுச் சில்லு) வேலை செய்யும் முறையே அப்படிப்பட்டது.

கார் பேட்டரியை 12 வோல்ட் என்று சொன்னாலும், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். ஃபோனுக்கு 5 வோல்ட் போக மீதி 9 வோல்ட்டை 7805 வெப்பமாக்கிக் கழிக்கிறது. ஃபோன் 1 ஆம்பியர் இழுத்தால் அதற்குச் சேர்வது 5 வாட். வீணாவது 9 வாட். ஓர் அறைக்கு வெளிச்சம் தரும் எல்இடி பல்பு எடுத்துக்கொள்ளும் ஆற்றல், விரல்நகம் அளவுள்ள தகட்டில் சூடாக இறங்குகிறது. ஹோல்டரை அச்சிட்ட பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கோ 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கிவிடும்.

இதற்கு மாற்று, மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் என்ற சுற்று. அதில் என் மனத்தைக் கவர்ந்தது, ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் சுற்றிய தாமிரக் கம்பிச்சுருள். தையல் இயந்திரத்தை மிதிப்பவரின் கால் விட்டுவிட்டு அழுத்தினாலும் கனத்த சக்கரம் நிற்காமல் சுழல்வதுபோல, மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தாலும் சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமித்து, ஓட்டம் அறுந்துபோக விடுவதில்லை. இத்தகைய சுற்றில் பயன்படும் எல்எம்2596 என்ற ஐசியின் ஸ்விட்ச் நொடிக்கு 1,50,000 முறை திறந்து மூடுகிறது. அது மூடி மின்சாரத்தைப் பாயவிடும் ஏறத்தாழ 2.4 மைக்ரோநொடியில் சுருளின் குறுக்கே 9 வோல்ட் நிற்க, ஓட்டம் ஏறுகிறது, திறந்து பேட்டரியைத் துண்டித்திருக்கும் 4.3 மைக்ரோநொடியில் சுருளே மின்மூலமாகி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வழியாக 5 வோல்ட்டில் ஓட்டத்தைத் தொடர்கிறது. 9-ஐ 2.4-ஆலும் 5-ஐ 4.3-ஆலும் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ 21.5. ஏறியது அத்தனையும் இறங்கிவிடுவதால்தான் வெளியீடு 5 வோல்ட்டில் நிலைக்கிறது. எஞ்சும் சிற்றலையை மின்தேக்கி சமன்செய்துவிடும். பேட்டரி அரை ஆம்பியருக்கும் குறைவாகத் தர, ஃபோன் 1 ஆம்பியர் பெறுகிறது என்பதை அம்மீட்டரில் முதன்முறை பார்க்கும் எவரும் வியக்காமல் இருக்க முடியாது. மின்தூண்டலை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளின் கையில் இத்தகைய வளையத்தையும் இரண்டு மீட்டர் கம்பியையும் கொடுக்கப் பள்ளிகள் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வாசகர் ஹோல்டரைப் பிஎல்ஏவில் அல்லாமல், அதைவிட வெப்பம் தாங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அச்சிட வேண்டும்; வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டைப் பிஎல்ஏ தாங்காது. பேட்டரிப் பக்கமாகவே ஃபியூஸை வைக்க வேண்டும். ஏர்பேக் விரியும் பாதையில் ஹோல்டர் இருக்கக் கூடாது. யூஎஸ்பி இணைப்பின் இரண்டு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், எதிரில் இருப்பது சார்ஜர்தான் என்று ஃபோன் அறிந்துகொள்ளும். இல்லையேல் கணினி என்று எண்ணி அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கத் தயங்கும் ஃபோன்கள் பல உண்டு.