பைட் வேறு, எழுத்து வேறு

குறுவைப் பயிர்க்கடன் பட்டியல் ஒன்று, உழவர் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறிகள் நிறைந்து, மீண்டும் என் மேசைக்கு வந்திருக்கிறது. தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்தில் மென்பொருள் எழுதும் இளைஞர்கள் இதற்கு எழுத்துருவைக் குறை சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும். எழுத்துரு இல்லையென்றால் பெரும்பாலும் கட்டங்கள்தாம் தெரியும். அந்நியக் குறிகள் தெரிந்தால் பைட்டுகளை, அதாவது கணினி சேமித்து வைக்கும் சிறு எண்களை, தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோட் முறையில் 'த' என்ற எழுத்தின் எண் 2980. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால், அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 164 என்று மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. இந்த மூன்றில் எதுவும் தனியாக ஒரு தமிழ் எழுத்தின் எண் அன்று. ஆனால், பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியே, எண்ணுக்குரிய குறியைத் தரும் 'சிஹெச்ஆர்' செயற்கூறுக்குக் கொடுத்தால், 174 என்ற யூனிகோட் எண்ணுக்குரிய அந்த வட்ட ஆர் வணிகக் குறியைத்தான் அது தரும்; கேட்டதைக் கொடுத்த கணினியின் மேல் பிழையில்லை. மூன்றையும் ஒரே பைட் தொடராக்கி, யூடிஎஃப்-8 என்று பெயர் சொல்லி டிகோட் செய்தால், அதாவது எழுத்தாகத் திரும்ப மாற்றினால் மட்டுமே 'த' கிடைக்கும்.

இதைவிடக் கொடியது வெட்டுதல். 'தஞ்சாவூர்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனியே எண்ணும் யூனிகோடில் ஒன்பது குறியீடுகள், சேமிப்பில் 27 பைட்டுகள். ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகள் போதுமென்று ஒதுக்கினால், ஆறு குறியீடுகளுக்குப் பின் இரண்டு பைட்டுகள் அரைகுறையாகத் தொங்கும். பிழைச்செய்தி வராமலிருக்க, படிக்க முடியாத பைட்டுகளை விட்டுவிடச் சொல்லும் 'இக்னோர்' போட்டால் 'தஞ்சாவ' என்று நிற்கும். யாருக்கும் எச்சரிக்கை வராது. கோப்பை 4096 பைட்டுகளாகத் துண்டுபோட்டு டிகோட் செய்வதும் இதே கதிதான், ஏனெனில் வெட்டு ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே விழலாம். துண்டுகளுக்கிடையே மிச்சத்தை நினைவில் வைக்கும் டிகோடர் பைத்தானிலேயே உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள்.

கோப்பைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 போன்ற குறியேற்றத்தின் பெயரை எழுதுங்கள், விண்டோஸின் ஊகத்துக்கு விடாதீர்கள். சோதனைக்கு ஆங்கிலப் பெயர்களை இடாதீர்கள். அவை எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும்.

தயவுசெய்து, சிதைந்து தெரிகிற பட்டியலை மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிடாதீர்கள். தனித்தனிக் குறிகளாக மாறியதை, பைட்டுக்கு ஒரு குறி என்றிருக்கும் லத்தீன்-1 குறியேற்றத்தின் வழியாகப் பைட்டுகளாக்கி, யூடிஎஃப்-8 என்று டிகோட் செய்து மீட்டுவிடலாம். 'இக்னோர்' விழுங்கியதையும் கேள்விக்குறியாகிப் போனதையும் யாராலும் மீட்க முடியாது, அந்த உழவரைத்தான் திரும்ப வரிசையில் நிற்க வைப்பீர்கள்.