கிரேட், கிரேடு, லேபிள்: ஒரு பழப்பெட்டியின் மூன்று சொற்கள்

பழைய அமெரிக்கப் பழப்பெட்டி ஒன்றில் ஒட்டியிருந்த வண்ணத்தாளின் படத்துக்கு ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. ‘கிரான்பெர்ரி கிரேட் லேபிள், கிரேடு காட்டுவது’ என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் முதல் ‘கிரேட்’ அச்சுப்பிழை என்று எண்ணி அதையும் ‘கிரேடு’ ஆக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. ஆங்கிலத்தில் மரப்பெட்டிக்கு ஒரு சொல், தரத்துக்கு ஒரு சொல், ‘மகா’ என்று வியக்க இன்னொரு சொல். தமிழ் எழுத்துக்கு வந்ததும் மூன்றும் ஒரே ககரத்தில் தொடங்கி, ஒரே முகத்தோடு நிற்கின்றன. இந்த மூன்றையும் அப்படியே ஒலிபெயர்த்து எழுதினால் படிப்பவர் தடுக்கி விழத்தான் செய்வார்.

முதலில் பெட்டி. ‘கிரேட்’ என்பதன் வேர், பிரம்பாலோ குச்சியாலோ பின்னிய தட்டியைக் குறிக்கும் ‘கிராட்டிஸ்’ என்ற லத்தீன் சொல் என்பார்கள். அதே லத்தீன் சொல் போர்த்துக்கீசியத்தில் கம்பித் தடுப்பைக் குறிக்கும் சொல்லாகித் தமிழுக்குக் கப்பலேறி வந்தது. அதுதான் நம் ‘கிராதி’. சன்னல் கிராதி, திண்ணைக் கிராதி என்று நாம் சொல்வதும், அமெரிக்கத் தோட்டக்காரர் பழம் அடுக்கிய பெட்டியும் ஒரு கொடியில் காய்த்தவை. அதற்காக ‘பழக்கிராதி’ என்று எழுதச் சொல்லவில்லை. சட்டங்களுக்கு இடையே இடைவெளி விட்டு அடித்த பெட்டிக்கு ‘மரப்பெட்டி’ என்ற நல்ல சொல் இருக்கும்போது தேடி அலைய வேண்டாம்.

பழத்தின் பெயரை விரைவாகக் கடந்துவிடலாம். கிரான்பெர்ரியின் முன்பாதி ஒரு பறவை. தாழ்நில ஜெர்மானிய மொழியில் ‘க்ரான்பேர’ என்றால் கொக்குப்பழம். வளைந்த காம்பும் பின்னுக்கு மடங்கிய இதழ்களுமாகத் தொங்கும் பூ, கொக்கின் கழுத்தையும் தலையையும் நினைவூட்டியதால் இந்தப் பெயர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். 1640களில் ஆங்கிலத்தில் எழுத்தேறிய இந்தப் பெயருக்கு முன்பே அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளிடம் இதற்குப் பெயர் இருந்தது. அவர்களில் ஒரு பிரிவினரின் நாரகன்சட் மொழியில் அது ‘சசெமினியாஷ்’ என்று, அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ரோஜர் வில்லியம்ஸ் 1643-ல் குறித்துவைத்தார். இன்று தமிழில் புழங்கும் ஆக்கம் ‘குருதிநெல்லி’. நிறமும் புளிப்பும் அதில் வந்துவிட்டன. நெல்லிக்கும் இதற்கும் செடி உறவு எதுவும் இல்லை. நெல்லிக்குள் கொட்டை இருக்கிறது, இதற்குள் நான்கு காற்றறைகள் இருக்கின்றன. ஆனாலும் பெயர் நிலைத்துவருகிறது, நானும் அதையே எழுதுகிறேன். அந்தக் காற்றறைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கதை அவற்றின் மேல்தான் துள்ளப்போகிறது.

‘கிரேடு’ லத்தீன் ‘கிராடுஸ்’ என்பதிலிருந்து வந்தது. பொருள்: படி, கால் வைத்து ஏறும் படி. குருதிநெல்லி விஷயத்தில் இந்த வேர்ச்சொல் வெறும் அகராதிச் செய்தியாக நின்றுவிடவில்லை. 1880 வாக்கில் நியூ ஜெர்சியில் ஜான் வெப் என்றொரு விவசாயி இருந்தார். ஒரு கால் மரத்தால் ஆனது. பரணில் சேமித்த பழத்தைப் பீப்பாயோடு சுமந்து இறங்க முடியாமல், படிகளின் மேலிருந்து அப்படியே கொட்டினார் என்று சொல்கிறார்கள். நல்ல பழங்கள் துள்ளித் துள்ளி அடிப்படிக்கு வந்து சேர்ந்தன. அழுகியதும் நசுங்கியதும் துள்ள முடியாமல் நடுப்படிகளிலேயே தங்கிவிட்டன. உள்ளே காற்றறை உடையாத பழம் பந்துபோல் எழும்பும், அவ்வளவுதான் சூட்சுமம். படியில் உருண்டு வந்துதான் இந்தப் பழத்துக்குப் படி கிடைத்திருக்கிறது. (மரக்கால் வைத்திருந்தவர் பழத்தை அளந்து பிரித்தார் என்று எழுதினால் தமிழில் இன்னொரு பொருளும் வந்து ஒட்டிக்கொள்கிறது. எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால். வெப்புக்கு இது தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.)

அந்தப் படிக்கட்டே பிறகு இயந்திரமானது. சாய்ந்த பலகையில் விழும் பழம் எதிரே உள்ள நான்கு அங்குலத் தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தேறியது. குதிக்காவிட்டால் அடுத்த பலகைக்கு விழும். மறுபடி ஒரு வாய்ப்பு. இப்படி ஏழு முறை. ஏழிலும் தோற்றது கழிவு. தேறியவை மேசைக்கு வர, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்கினார்கள். முறத்தைக் கையில் பிடித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கையசைவுக்குத் தக்கபடி புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நேம்புதல் என்று தனித்தனி வினை வைத்திருக்கும் மொழி நம்முடையது. துள்ளவிட்டுப் பிரிப்பதற்குத்தான் தனிச்சொல் இல்லை. துள்ளும் தானியம் நமக்கு வாய்க்கவில்லை.

பருமனைப் பார்க்க வேறு வழி இருந்தது. சிறு கோப்பை ஒன்றை நிரப்பி, எத்தனை பழம் பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் பழம் பெரிது என்று பொருள்.

சரி, ‘கிரேடு’க்குத் தமிழில் என்ன? வேரைப் பிடித்துக்கொண்டு ‘படி’ என்று வைக்க ஆசைதான். ஆனால் அது ஏற்கெனவே அளவையாகவும் நகலாகவும் சம்பளத்தோடு வரும் தொகையாகவும் உழைத்துக் களைத்த சொல். ‘படித்தரம்’ என்றால் கோயில் நித்தியச் செலவுத் திட்டம் என்று பொருள் போய்விடும். மிஞ்சுவது ‘தரம்’. இது பள்ளிப் பாடநூலுக்காக ஆக்கிய சொல் அல்ல. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை விளைச்சலுக்கேற்பத் தரம் பிரித்திருக்கிறார்கள். தரத்துக்குள் வராத நிலம் ‘தரமிலி’. வெள்ளையர் கால ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் ஆங்கில அதிகாரிகளே இந்தச் சொல்லை அப்படியே எடுத்துத் தங்கள் ஏடுகளில் எழுதினார்கள். பழச்சந்தைக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவுவதும் இதே சொல்தான். அங்கே அதற்கு ‘முறை’ என்று பொருள். பெட்டியில் தரம், கூவலிலும் தரம். ஆகவே கிரேடு என்றால் தரம், கிரேடிங் என்றால் தரப்படுத்துதல். அக்மார்க் முத்திரைக்கு அடிப்படையான 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் இந்த இரண்டு வேலைகள்தான் இருக்கின்றன: தரப்படுத்துதல், குறியிடுதல்.

குறியிடுதல் என்றதும் ‘லேபிள்’ வந்துவிடுகிறது. என்னை நீண்ட நேரம் நிறுத்திவைத்த சொல் இதுதான். பழைய பிரெஞ்சில் ‘லாபெல்’ என்றால் நாடா, கிழிந்த துணிக்கீற்று. பத்திரத்தில் முத்திரையைத் தொங்கவிடும் கீற்றுக்கும் அந்தப் பெயர் இருந்தது. எழுத்து பின்னால் வந்து ஏறியது. தமிழில் இதற்குச் சிட்டை, விவரச்சீட்டு, ஒட்டுச்சீட்டு என்று பலவும் எழுதுகிறார்கள். ஆனால் குருதிநெல்லிப் பெட்டித் தாள் வெறும் விவரம் சொல்லும் தாள் அல்ல. அதை ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் குட்டைப் பக்கத்தில்தான் ஒட்டுவார்கள். ரயில் பெட்டியிலும் கிடங்கிலும் அடுக்கினால் வெளியே தெரிவது அந்த முகம் மட்டுமே. கல்லச்சில் நிறம் நிறமாக அடித்த படம். நடுவே வியாபாரப் பெயர், அருகில் குவியலாகச் சிவப்புப் பழங்கள், ஓரத்தில் கூட்டு விற்பனை அமைப்பின் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, விஸ்கான்சின் தோட்டக்காரர்கள் பலர் ஒன்றுசேர்ந்து ‘ஈட்மோர்’ என்ற பொதுப்பெயரில் விற்றார்கள். ‘இன்னும் சாப்பிடு’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை நெருக்கித் தள்ளி, கடைசி எழுத்தை உதிர்த்துச் செய்த பெயர் அது. அதன் கீழ் ஹாலிடே, சாண்டா கிளாஸ் என்று தனித்தனிப் பெயர்கள். நன்றி நவிலல் நாளையும் கிறிஸ்துமஸையும் நம்பிய வியாபாரம் என்பது பெயரிலேயே தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் படங்கள் அழகுக்காக மட்டும் மாறவில்லை. ஏர்லி பிளாக், ஹவ்ஸ், மெக்ஃபார்லின் என்று பழ வகைகள் பல. ஒவ்வொன்றிலும் பருமனும் நிறமும் வேறு. இந்தப் பெயர் என்றால் இந்த வகை, இந்தத் தரம் என்று அமைப்பு வரையறுத்திருந்தது. மொத்த வியாபாரி பெட்டியைத் திறக்காமல் படத்தைப் பார்த்தே விலை பேசினார். கலிபோர்னியா ஆரஞ்சுக்காரர்களும் வாஷிங்டன் ஆப்பிள்காரர்களும் நிறத்தையே தரமாக்கினார்கள். ஆப்பிள் தாளின் பின்னணி நீலமானால் முதல் தரம், சிவப்பானால் அடுத்தது, பச்சையானால் அதற்கும் கீழே. ‘யானை மார்க்’, ‘கிளி மார்க்’ என்று படத்தைச் சொல்லிப் பொருள் வாங்கிய நமக்கு இதில் பாதி புரியும். மீதிப் பாதிதான் வேறு: நம் மார்க் விற்பவரைச் சொல்லும், அவர்கள் தாள் பழத்தையும் சேர்த்துச் சொல்லும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மேலே பளபளப்பான பழத்தை அடுக்கி, அடியில் சொத்தையைப் போடும் வித்தை உலகப் பொது. கனடா 1901-ல் கொண்டுவந்த பழக்குறிச் சட்டம், வெளியே காட்டும் முகப்புப் பழம் உள்ளே இருப்பதை நேர்மையாகக் காட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது. அமெரிக்கா 1912-ல் பீப்பாய் ஆப்பிளுக்குத் தரம் வகுத்தது. 1915-ல் பீப்பாய் அளவையே சட்டமாக்கியபோது மற்றப் பழங்களுக்கு 7,056 கன அங்குலம், குருதிநெல்லிக்கு மட்டும் தனியாக 5,826 என்று எழுதியது. மரப்பீப்பாய் மறைந்து பெட்டி வந்து, பெட்டியும் போய்விட்டது. ஆனால் விளைச்சலை அங்கே இன்னும் பீப்பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு பீப்பாய் என்றால் 100 பவுண்டு.

இப்போது சொல்லுக்கு வருவோம். புகாரில் வந்திறங்கிய சரக்குப் பொதிகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் ‘கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’ என்கிறது. வணிகரின் பெயரும் அளவும் பொறித்த பொதிகள். லேபிள் என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிடச் சரியான தமிழ்ச்சொல் கிடையாது. ஆசை தாங்காமல் எல்லா லேபிளையும் ‘கண்ணெழுத்து’ என்று மாற்றிப் பார்த்தேன். மருந்துப் புட்டிக்குப் பொருந்தவில்லை, சட்டைக் காலருக்கு அறவே இல்லை. பீப்பாய் மூடியில் தகட்டு அச்சை வைத்து மை தடவிப் பதித்த பெயருக்கும் ஊருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. வண்ணத்தாளுக்கு வேண்டாம், அதன் சங்கதி எழுத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. அதற்கு ‘முகப்புச் சீட்டு’ என்று வைத்தேன். பெட்டி முகத்தில் ஒட்டுவது, உள்ளிருப்பதற்கு முகமாக நிற்பது. தரத்தைச் சொல்வதற்கென்றே ஒட்டியது என்று அழுத்த வேண்டிய இடத்தில் ‘தரச்சீட்டு’ என்றும் எழுதலாம்.

1940களில் குருதிநெல்லி கண்ணாடித்தாள் பைகளுக்கு மாறத் தொடங்கியது. பழமே வெளியே தெரிந்ததும் படத்துக்கு வேலை குறைந்தது. அட்டைப்பெட்டி வந்து மீதியை முடித்துவைத்தது. ஒட்டாமல் மிஞ்சிய தாள்கள் இப்போது பழம்பொருள் கடைகளில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன.

திருத்திய குறிப்பை இப்படி அனுப்பினேன்: ‘குருதிநெல்லி மரப்பெட்டியின் முகப்புச் சீட்டு, பழத்தின் வகையும் தரமும் படத்தால் குறிக்கப்பட்டவை.’ மெய்ப்புப் பார்த்தவர் இந்த முறை ஒன்றையும் தொடவில்லை. ஓரத்தில் மட்டும் ‘ஈட்மோர் என்பது ஊரா?’ என்று பென்சிலால் கேட்டிருந்தார்.