வெபினார்: விதை உதிர்ந்த சொல்

வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஓர் அறிவித்தல் வந்தது. 'இலவச வெபினார். வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் வரலாறு. இரவு 7.30, சூம் வழியாக.' இரண்டும் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தின் வகைகள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "செமினாரா மனே? பேப்பர் தருவாங்களோ?" என்றார்.

அம்மாவில் பிழையில்லை. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் செமினார் என்றால் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்கு முன்னால் நடக்கும் வகுப்புத்தான். மண்டபம் நிறையப் பிள்ளைகள், வெளியூரில் இருந்து வந்த ஆசிரியர், ஆளுக்கொரு மாதிரி வினாத்தாள். ஆசிரியர் விடை சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். ஆனால் இந்தச் சொல்லின் பழைய பொருள் இதற்கு ஏறக்குறைய நேரெதிர்.

லத்தீனில் 'செமென்' என்றால் விதை. 'செமினாரியும்' என்பது விதை போட்டுக் கன்று வளர்க்கும் இடம், அதாவது நாற்றுமேடை. குருமடத்தை ஆங்கிலத்தில் செமினரி என்பதும் இதே வேரில் இருந்துதான். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சொல்லை எடுத்து, தேர்ந்தெடுத்த சில மாணவர்கள் மட்டும் கூடிப் படிக்கும் வகுப்புக்கு வைத்தன. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் லெயோபோல்ட் ஃபொன் ராங்கே நடத்திய செமினார் அதில் பேர்போனது. மூல ஆவணத்தை நடுவில் வைத்து, எழுதியது யார், எவ்வளவு நம்பலாம் என்று மாணவர்களையே துருவ விட்டார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. அங்கிருந்து எங்கள் டியூட்டரிகளுக்கு, அதாவது தனியார் வகுப்பு நிலையங்களுக்கு, எப்படி வந்து இப்படி ஆனது என்பது தனிக்கதை.

சரி, வெபினார். 'வெப்' என்ற வலையையும் செமினாரையும் ஒட்டி 1990களின் பிற்பகுதியில் செய்த சொல். ஒட்டும்போது எதை வெட்டினார்கள் என்று பாருங்கள். முன்பாதியான 'செம்' போய்விட்டது. விதை இருந்தது அதில்தான். மிஞ்சிய 'இனார்' வெறும் வால்.

வகுப்புக்கும் இதே கதிதான். 2020இல் கொரோனாக் காலத்தில் சமூகம், அரசியல், வரலாறு, கலை என்று இலவச வெபினார்கள் குவிந்தன. பெரும்பாலானவற்றில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் மைக்கை அடைத்துவிட்டுக் கேட்பார்கள். (இலவசம் என்று அழைத்துவிட்டுச் சான்றிதழுக்கு மட்டும் காசு கேட்ட ஒன்றிலும் நான் இருந்திருக்கிறேன்.) இது நாற்றுமேடை அல்ல, வீசி விதைப்பு. ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே முதலில் விதையைக் கையால் வீசி விதைப்பதற்கு இருந்த சொல்தான். எங்கள் பக்கம் நெல்லைப் பெரும்பாலும் வீசித்தான் விதைக்கிறோம், நாற்றுமேடை மிளகாய்க்கும் கத்தரிக்கும்தான். ஆகவே வீசி விதைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதுதான் சிக்கல்.

தமிழில் 'இணையவழிக் கருத்தரங்கு' என்கிறோம். இலங்கை அரச ஆவணங்களில் ஒன்லைனுக்கு 'நிகழ்நிலை' என்ற சொல்லும் உண்டு. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தால் அது ஊரறிந்த சொல்லாகிவிட்டது. ஆனாலும் பதிவுசெய்து வைத்ததை நாலு நாள் கழித்துப் பார்ப்பதை நிகழ்நிலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'இணையவழி' போதும். மிச்சம் கருத்தரங்கு. கருத்து என்பது 'கருது' என்ற வினையில் இருந்து வந்தது, அரங்கு என்றால் ஆடும் மேடை. பலர் வந்து தங்கள் கருத்தை ஆளுக்கொரு பக்கமாக வைத்தால் அந்தப் பெயர் பொருந்தும். ஒரே ஆள் ஒன்றரை மணித்தியாலம் பேசினால் அது இணையவழி உரை. அப்படியே போட்டால் என்ன? செய்து பழகுவதற்குச் செயலமர்வு என்ற அழகான சொல் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ராங்கே நடத்திய மாதிரியானதற்குக் 'கற்கை வட்டம்' என்பேன். மட்டக்களப்பில் கூத்தாடும் களமான களரியும் வட்டம்தானே, சுற்றிவரச் சனம் இருக்கும். 'இணையக் களரி' என்றும் யோசித்தேன். கூட்டாளி ஒருவன் சிரித்த சிரிப்பில் விட்டுவிட்டேன். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு சொல் விஷயத்தில் அவசரப்படவும் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூத்து நிகழ்வுக்கு வருவோம். பேச்சாளர் மத்தளம் அடித்த பதிவொன்றைப் போட்டார். சூம் அதை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிட்டது, எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. அப்புறம் வடமோடி பெரும்பாலும் போரில் முடியும், தென்மோடியில் காதல் கதைகள் அதிகம் என்று விளக்கிக்கொண்டு போனார். அந்த இடத்தில் கூத்துப் பழக்கும் வயதான அண்ணாவியார் ஒருவர் மைக்கைத் திறந்தார். கதையை வைத்து மட்டும் பிரிக்கப்படாது தம்பி, ஆட்டத்தையும் தாளத்தையும் பாருங்கோ என்று தொடங்கி, வாயாலேயே தாளக்கட்டுச் சொல்லிக் காட்டினார். வேறு இருவர் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். பேச்சாளர் தன் படக்காட்சியை மூடிவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். கேள்விக்கென்று ஒதுக்கிய பத்து நிமிடம் பதினொரு மணி வரை போனது.

அம்மா எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். "செமினார் இன்னும் முடியல்லையா மனே?"

"இப்பதான் தொடங்கியிருக்கு அம்மா."