வாரிசு என்றால் மகன் மட்டும்தானா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொத்து வழக்கு நடத்தும் வக்கீலின் காதில் ஒரே சொல் நாலு மொழியில் விழும். அரூர், பாலக்கோட்டுக் கட்சிக்காரர் 'வாரிசு' என்பார். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர் 'வாரசுடு' என்பார். தளியிலிருந்து வரும் கன்னடக்காரர் 'வாரசுதார' என்பார். வீட்டில் உருது பேசும் முஸ்லிம் பெரியவர் 'வாரிஸ்' என்பார். அடுத்து வரும் வாக்கியம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "பொண்ணு ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சுங்க சார். வாரிசுன்னா பையன் ஒருத்தன்தான்."

இந்த வாக்கியத்தால் எத்தனையோ பெண்களின் பெயர் வாரிசுச் சான்றிதழில் ஏறாமலே போகிறது. அதனால்தான் இந்தச் சொல்லின் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேர் அரபியில் இருக்கிறது. இறந்தவர் விட்டுப்போனதைப் பெறுகிறவர் 'வாரிஸ்'. அப்படி விட்டுப்போன சொத்து 'மீராஸ்'. தஞ்சாவூர்ப் பக்கம் புழங்கிய 'மிராசு', 'மிராசுதார்' எல்லாம் அந்த மீராஸிலிருந்து வந்தவைதான். வாரிசும் மிராசும் ஒரே வேரில் பிறந்தவை. எபிரேய மொழியில் வாரிசைக் குறிக்கும் 'யோரேஷ்' இதற்கு உறவுச் சொல். அல்லாஹ்வின் பெயர்களில் ஒன்று 'அல்-வாரிஸ்'; எல்லாரும் போன பிறகும் இருப்பவன் என்று பொருள். இந்தோனேசியாவில் உலகப் பாரம்பரியச் சின்னத்தை 'வாரிசான் துனியா' என்கிறார்கள். அங்கே 'பெவாரிஸ்' என்றால் சொத்தை விட்டுச் செல்பவர். பக்கத்து மலேசியாவில் அதே 'பெவாரிஸ்' சொத்தைப் பெறுபவர். இந்தியில் கேட்பாரற்றுக் கிடக்கும் உடலையும் மூட்டையையும் 'லாவாரிஸ்' என்பார்கள். வாரிஸ் என்பதற்குப் 'பொறுப்பேற்க வரும் ஆள்' என்ற பொருளும் உண்டு என்பது அதிலிருந்து தெரியும்.

தமிழுக்கு இது அரசாங்கக் கணக்கு வழியாக வந்தது. தக்காண சுல்தான்கள், மொகலாயர், ஆற்காட்டு நவாப், மைசூரில் திப்பு என்று வரிசையாகப் பாரசீகம் கலந்த நிர்வாகம். எங்கள் மண் அதற்கு நேரடிச் சாட்சி. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலை, அதாவது தர்மபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட இந்தப் பகுதியை, கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியதும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிப்படை போட்டார்கள். ஆட்சி மாறினாலும் தாசில், ஜமாபந்தி, கிஸ்தி, வாரிசு எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். இந்தச் சொல் எங்கிருந்து வந்ததோ அங்கே மகளும் வாரிசுதான். குர்ஆனின் நான்காவது அத்தியாயம் மகளின் பங்கைப் பெயர் சொல்லியே வைக்கிறது. மகனுக்கு அவளைப்போல் இரண்டு மடங்கு என்பது உண்மை. ஆனால் அவளுக்கு ஒன்றுமில்லை என்ற பேச்சே கிடையாது. தெலுங்கில் பெண் வாரிசுக்கென்றே 'வாரசுராலு' என்று தனிச்சொல் உண்டு. அப்படியிருக்க, நம் வாயில் அது எப்படி மகனாகச் சுருங்கியது?

என் கணிப்பு, அது 'பங்காளி' என்ற நம் பழைய சொல்லின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பங்காளி என்றால் பங்குள்ளவர். நம் ஊரில் அது அண்ணன், தம்பி, சித்தப்பா வகையறா. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீடு மாமன் மச்சான் கணக்கு. சீர் செய்தாயிற்று, கணக்கு முடிந்தது என்பார்கள். 'ஆண் வாரிசு இல்லை' என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் பெண் சிசுக்களின் உயிரையே வாங்கியிருக்கிறது. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் வந்தது; கிருஷ்ணகிரி அப்போது இதே மாவட்டத்தில்தான் இருந்தது.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989லேயே கொடுத்தது. அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் இல்லை என்றது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேற்றுமையையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிகிரி மூலமோ முடிந்த பாகப்பிரிவினையை இப்போது கிளற முடியாது.

மகளையாவது சிலர் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், தாயைப் பலர் மறந்தே போகிறார்கள். மகன் விபத்தில் போய்விடுவான். மனைவி, பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதி மனு போடுவார்கள். பெற்றவள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அவளும் வாரிசு என்று அவளுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா அப்படியில்லை, அவர் இரண்டாம் வகுப்பு; முதல் வகுப்பில் யாரும் இல்லாவிட்டால்தான் அவருக்கு வரும்.

இன்னொரு குழப்பம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் உறவைக் காட்டும் காகிதம். சொத்து யாருடையது என்று அது தீர்ப்புச் சொல்லாது. வங்கிப் பணம், ஷேர் போன்றவற்றுக்கு நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ், அது வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்றை வாங்கி அலைகிறார்கள். நாமினியும் வாரிசு அல்ல. இன்சூரன்ஸ் பணத்தை நாமினி கையில் வாங்கினாலும் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியதுதான் என்று 1984இல் சர்பதி தேவி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் கணக்கு மாறலாம், வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இ-சேவை மையத்தில் மனு போடும்போது கட்டிக்கொடுத்த மகள், பிறந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத மகள் எல்லார் பெயரையும் எழுதுங்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்று குறிப்பதால் எந்த உரிமையும் போய்விடாது. தங்கை மனசாரத் தன் பங்கை விட்டுக்கொடுக்க நினைத்தால் அதற்கு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. அவளே சார்பதிவாளர் முன் வந்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். உங்கள் பெயர் விடுபட்ட சான்றிதழை யாராவது வாங்கியிருப்பது தெரிந்தால், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு என்று உறவைக் காட்டும் காகிதங்களோடு தாசில்தாரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுங்கள். அங்கே நடக்காவிட்டால் கோட்டாட்சியர், அதற்கும் மேல் சிவில் கோர்ட். நிலத்தை விற்றுப் பத்திரம் ஆவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. மூன்றாம் ஆள் கைக்குப் போய்விட்டால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும்.